தலைநகர் வாழ்க்கை: குளியலறைக்கு யார் உத்தரவு வேண்டும்?

புசா ரோட்டை அடுத்த தெருவொன்றில் பழைய வீட்டின் முதல் மாடிக்குச் சொந்தக்காரரான நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கும்பகோணத்தில் தனியே இருந்துவரும் 78 வயதுத் தாயாரை இனி நிரந்தரமாகத் தம்முடனேயே வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறாராம். அம்மையாருக்கு முழங்கால் மடங்குவதில்லை. வீட்டிலுள்ளதோ குந்தி அமரும் பழைய கழிப்பறை. குளியலறைத் தரையோ வழுக்கும் மொசைக். இரண்டையும் மாற்றியமைக்க ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தபோது அவர், "மாநகராட்சி உத்தரவில்லாமல் ஓர் ஓட்டைக்கூடப் பெயர்க்க முடியாது. உத்தரவை நானே வாங்கித் தந்துவிடுகிறேன். அதற்கு மட்டும் தனியாக ரூ. 40,000 ஆகும்" என்றாராம். "இது மெய்தானா? மெய்யாயின் யாரிடம், எவ்விதம் விண்ணப்பிப்பது? அன்னையை அழைத்துவரப் பயணச்சீட்டும் பதிவு செய்தாகிவிட்டது" என்று அன்பர் கேட்கிறார்.

பயணச்சீட்டைப் பற்றி அவர் கவலையுற வேண்டாம். அது நம் இலாகாவைச் சேர்ந்தது. உத்தரவைப் பற்றியும் கவலையுற வேண்டாம் என்றே சொல்வோம். இருக்கும் அறைக்குள்ளேயே பீடத்தை மாற்றுவதற்கும், தரையையும் சுவரோடுகளையும் புதுப்பிப்பதற்கும், குழாய்களை இடம் மாற்றுவதற்கும் மாநகராட்சியின் கட்டட உத்தரவு தேவையே இல்லை.

வெறும் வாய்ச்சொல்லாக இதைச் சொல்லவில்லை. டில்லி மாநகராட்சிச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. புதிதாகக் கட்டுவோர் 333-ஆம் பிரிவின்படியும், உள்ள கட்டடத்தில் கூட்டியோ மாற்றியோ கட்டுவோர் 334-ஆம் பிரிவின்படியும் ஆணையருக்கு அறிவிப்புத் தரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் அப்பிரிவு குறிப்பிடும் மாற்றங்கள் யாவை? கட்டடத்தை விரிவாக்குதல், புறச்சுவரையோ, அண்டை வீட்டுக்கும் பொதுவான சுவரையோ, கூரையைத் தாங்கும் சுவரையோ பாதிக்கு மேல் இடித்துக் கட்டுதல் போன்ற பெரிய வேலைகள். இதை மேலும் தெளிவாக்குவது 2016-இல் வெளியான டில்லி ஒருங்கிணைந்த கட்டட விதிகள். கட்டட உத்தரவு வேண்டாத வேலைகளின் பட்டியல் ஒன்று அதன் இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. காரை பூசுதல், தரை போடுதலும் மறுதரை போடுதலும், வெள்ளையடித்தல், விதிக்குட்பட்ட உட்தடுப்புச் சுவர், பிறர் உடைமைக்கு இடையூறின்றிப் பொருத்துசாதனங்களை அமைத்தலும் இடம் மாற்றுதலும் ஆகிய யாவும் அப்பட்டியலில் அடங்கும். அன்பரின் குளியலறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறதன்றோ?

ஆகவே அந்த ஒப்பந்தக்காரரிடம் அன்பர் சண்டையிட வேண்டியதில்லை. "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் உத்தரவு வாங்கப் போகிறீர்? விண்ணப்ப எண்ணும் மாநகராட்சியின் ரசீதும் என் பெயரில் வருமா? எழுதிக் கொடும்" என்று மட்டும் பணிவாகக் கேட்கட்டும். மெய்யான உத்தரவுக்கு எண் உண்டு, தேதி உண்டு, கட்டிய கட்டணத்துக்கு ரசீது உண்டு. இவையில்லாத உத்தரவு யாருடைய சட்டைப்பையிலோ தங்கிவிடும் பணத்துக்கு மறுபெயர். வாயிலில் நான்கு மூட்டை மணல் இறங்கியவுடன் எங்கிருந்தோ ஒருவர் தோன்றி, "என்ன வேலை நடக்கிறது?" என்று வினவுவதும் தலைநகரில் வழக்கந்தான். அவரிடமும் இதே பதில் போதும். ஆயினும் ஒன்று: அந்த மணலைப் பொதுத் தெருவில் கொட்டுவது தனிக் குற்றம். உள்ளே நடக்கும் வேலைக்கு உத்தரவு வேண்டாம் என்பதால் தெருவும் நமதாகிவிடாது. மூட்டைகளை வீட்டெல்லைக்குள் இறக்கிக்கொள்வது நலம்.

இனி, கடிதத்தில் அன்பர் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் பலர் வேண்டாத உத்தரவுக்குப் பணம் கொடுக்கிறார்கள். வேண்டிய உத்தரவைக் கேட்பதே இல்லை. குளியலறையை உடைக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, இந்தச் சுவரை இரண்டடி தள்ளிவிட்டால் அறை விசாலமாகும்" என்பார். வீட்டு அம்மையாருக்கும் அது நல்ல யோசனையாகவே படும். எங்கே தள்ளுவது? ஒரு பக்கம் பின்கட்டுத் தாழ்வாரம், மறுபக்கம் 'ஷாஃப்ட்' எனப்படும் காற்றுப்போக்கி வெளி. இரண்டடியில் ஒன்றும் கெட்டுவிடாது என்று தோன்றும். உத்தரவு வேண்டாத பட்டியலிலிருந்து அந்த இரண்டடியில்தான் நாம் வெளியேறுகிறோம்.

அந்தக் காற்றுவெளியை வீணான இடமென்று கருதுவோர் பலர். பத்து மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடத்தில்கூட அது 1.2 சதுர மீட்டருக்குக் குறையலாகாது, ஒரு பக்கம் 0.9 மீட்டருக்குக் குறுகலாகாது என்று தேசியக் கட்டட நெறிமுறை விதிக்கிறது. நான்கு மாடிகளின் குளியலறைகளும் மூச்சு விடுவது அதன் வழியாகவே. நாம் ஒரு மாடியில் அதை அடைத்தால் மற்ற மூன்று மாடிகளுக்கும் காற்று குறையும். டில்லிக் குளிரில் சன்னலை இறுக மூடிக்கொண்டு எரிவாயு கீசரை எரியவிட்டு நீராடுவோர் இருக்கிறார்கள். காற்றுப்போக்கில்லா அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே சென்றவர் திரும்பி வராமற்போவது குளிர்காலந்தோறும் செய்தித்தாள்களில் வருவதுதான். எரிவாயு கீசரைக் குளியலறைக்கு உள்ளே மாட்டவே கூடாதென்பது நம் கருத்து. மின்சார கீசராயின் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும் பாதுகாப்புக் கருவியை அந்த இணைப்பில் பொருத்தச் சொல்லுங்கள்.

சுவரை இடிப்பதும் அவ்வாறே. கரோல் பாக், புசா ரோடு பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்பதங்குலச் செங்கற்சுவரே கூரையைச் சுமக்கிறது. தூண் என்று தனியாக ஒன்று இராது. சிலவற்றில் இரும்பு உத்தரங்களின்மேல் கற்பலகைகளைப் பாவிக் கூரை அமைத்திருப்பார்கள். நாலரை அங்குலத் தடுப்புச்சுவருக்கும் ஒன்பதங்குலச் சுவருக்கும் உள்ள வேற்றுமை மேஸ்திரிக்குத் தெரியாமலில்லை. கூலி பேசும்போது அதைச் சொல்ல அவருக்கு அவசியமில்லை. பாதிக்கு மேல் இடித்தால்தான் அறிவிப்பு வேண்டுமென்று சட்டம் சொல்லுகிறதே, பாதி வரை இடிக்கலாமன்றோ என்று வாதிடுவோரும் உண்டு. சட்டம் விட்டாலும் சுவர் விடாது. ஒன்பதங்குலச் சுவரில் கைவைப்பதாயின் கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, அவர் கையொப்பமிட்ட தாள் கிடைத்த பின்னரே உளியெடுக்க வேண்டும்.

'புசா' என்ற பெயரே கட்டடம் விழுந்த கதையைச் சொல்வதுதான். 1905-இல் பீகாரிலுள்ள புசாவில் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934 ஜனவரி 15-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் சிதைந்தமையால் 1936-இல் டில்லிக்குக் கொண்டுவரப்பட்டது. நிலையத்தோடு ஊர்ப்பெயரும் கூடவே வந்து சாலைக்கு நிலைத்துவிட்டது. டில்லியும் நடுக்கத்துக்கு விலக்கான ஊரன்று. 2025 பிப்ரவரி 17-ஆம் நாள் விடியற்காலையில் நம்மைப் படுக்கையினின்று எழுப்பிய 4.0 அளவுள்ள அதிர்ச்சி, தௌலா குவான் பகுதியிலேயே, அதாவது நம் காலடியிலேயே தோன்றியது. அதற்கு முந்திய செப்டம்பரில் கரோல் பாக்கின் பாபா நகரில் பழைய வீடொன்று இடிந்து நால்வர் மாண்டனர். அதே 2024-இல், ஜூலை 27-ஆம் நாள் மாலை, புசா ரோட்டிலிருந்து நடந்தே செல்லக்கூடிய பழைய ராஜேந்திர நகரில், தேர்வுப் பயிற்சி நிலையமொன்றின் நிலவறையில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் மூழ்கி இறந்தனர். பொருள்கள் வைக்கவும் வண்டிகள் நிறுத்தவும் என்று உத்தரவு பெற்ற நிலவறை அது, நூலகமாக நடத்தப்பட்டுவந்தது. உத்தரவுத்தாள் ஒன்று இருந்தது. அதில் எழுதியிருந்தது வேறு, நடந்தது வேறு.

புறச்சுவரைத் தள்ளுவதோ, தாழ்வாரத்தை மூடிப் புதிதாக ஒரு குளியலறை எழுப்புவதோ தவிர்க்க முடியாததாயின் முறைப்படியே செய்யலாம். பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் வரைபடம் தயாரித்து மாநகராட்சியின் இணையவழி ஏற்பாட்டில் தாக்கல் செய்வார். அதற்கு முன் வீட்டின் மூல வரைபடம் கையிலிருத்தல் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலோரிடம் அது இராது. தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, ஏற்கெனவே ஒப்புதலான வரைபடத்தின் நகலைக் கேட்கலாம். நகல் வந்தால், முந்தைய சொந்தக்காரர் உத்தரவின்றிக் கட்டியவை என்னென்ன என்பதும் கூடவே வெளியாகும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். உத்தரவின்றிக் கட்டியதை இடிக்க ஆணையிடச் சட்டத்தின் 343-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அண்டைவீட்டார் ஒருவர் எழுதிப்போடும் ஒரு முறையீடே அதற்குப் போதுமானது.

அண்டைவீட்டார் என்றதும் நினைவுக்கு வருகிறது, மாநகராட்சியைக் காட்டிலும் பெரிய அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவர் கீழ்மாடியில் குடியிருக்கும் பஞ்சாபி மாதாஜி. நம் குளியலறைத் தரைதான் அவருடைய மேற்கூரை. தனித்தனி மாடிகள் தனித்தனிப் பத்திரத்தில் விற்கப்பட்டிருந்தாலும், நிலமும் காற்றுவெளியும் மேலிருந்து கீழிறங்கும் கழிவுக்குழாயும் எல்லாருக்கும் பொது. பீடத்தை மாற்றும் வேலையில் பாதி அவர் வீட்டுத் தலைக்குமேல் நடப்பது. எனவே வேலை தொடங்குமுன் வீட்டு அம்மையாரையும் உடனழைத்துக்கொண்டு நேரில் சென்று, எத்தனை நாள் வேலை, எந்த நேரத்தில் உளிச்சத்தம், எப்போது தண்ணீர் நிறுத்தப்படும் என்பவற்றைச் சொல்லிவிட்டு வருவதே முறை. அவர் வீட்டு மேற்கூரையைத் தேதியுடன் நிழற்படம் எடுத்து இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்வது மிகமிக நல்லது. முன்பே இருந்த கறை எது, நம்மால் வந்த கறை எது என்ற வழக்கு பிற்பாடு எழாது. "வேலையால் கசிவு நேர்ந்தால் நம் செலவில் சரிசெய்து தருகிறோம்" என்று நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் மாதாஜியின் முகம் மலரும், தேநீரும் கிடைக்கும்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் குழாயன்று, அவசரமே. கம்மோடுகளில் இருவகை உண்டு. ஒன்று கழிவைச் சுவர்வழியே வெளியேற்றுவது. மற்றொன்று தரைவழியே இறக்குவது. பழைய வீடுகளில் பீடத்தைக் கழிவுக்குழாயின் அருகிலேயே வைத்துச் சுவர்வழி வகையை வாங்கினால் தரையை அதிகம் தோண்ட வேண்டியிராது. "அழகுக்காக" எதிர்மூலைக்கு நகர்த்தினால், பத்தடிக் குழாய்க்கு மூன்றங்குலமேனும் சாய்வு வேண்டும். அச்சாய்வுக்காகத் தரையையே உயர்த்த வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. உயரத்துக்குச் செங்கற்கல்லும் காரையும் நிரப்பினால் ஏறத்தாழ 300 கிலோ எடை. மூன்று சதுர மீட்டர் குளியலறையாயின் 900 கிலோ. அத்தனை பாரத்தையும் எழுபதாண்டுக் கூரையின்மேல் ஏற்றிவிட்டு, அதன்மேல் வழவழப்பான ஓட்டையும் பதித்து, "பார்த்தீர்களா அழகை!" என்றால் எப்படி? உத்தரவு வேண்டாத பட்டியலில் 'மறுதரை' இருக்கிறதென்பது உண்மையே. பட்டியல் எடையைக் கேட்பதில்லை, கேட்கவேண்டியவர் நாம்.

ஓடு பதிக்குமுன் நீர்த்தடுப்புப் பூச்சிட்டு, வாயிலில் சிறு வரம்பு கட்டி, தரையில் நீரைத் தேக்கி 48 மணி நேரமேனும் விட்டுவைக்க வேண்டும். கீழே சென்று பார்த்துக் கூரை உலர்ந்திருந்தால் மட்டுமே ஓடு. இந்த இரண்டு நாளைத் தரத்தான் ஒப்பந்தக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. பணத்தின் கடைசிப் பகுதியை இந்தச் சோதனை முடியும்வரை நம்மிடமே வைத்திருப்பது பயன் தரும்.

இதுவரை சொன்னவை சொந்த வீட்டுக்காரர்களுக்கு. நம் சங்கத்துக் குடும்பங்களில் வாடகைக்கு இருப்போரே மிகுதி. அவர்களுக்கு முதல் உத்தரவு வீட்டுக்காரரிடமிருந்து வரவேண்டும், அதுவும் எழுத்தில். 1958-ஆம் ஆண்டு டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்கிறது. எழுத்துமூலம் அறிவித்தும் தகுந்த காலத்துக்குள் அவர் பழுது நீக்காவிடில், குடியிருப்பவர் தாமே நீக்கிக்கொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம். ஓராண்டில் கழிப்பது அவ்வாண்டு வாடகையின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. ஆனால் மாத வாடகை ரூ. 3,500-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு இச்சட்டமே பொருந்தாது. ஆதலால் இது அந்தக் காலத்து வாடகையில் இன்னும் இருந்துவரும் சிலருக்கே உதவும். மேலும், உடைந்த குழாயை மாற்றுவது பழுதுநீக்கம்; குந்தும் பீடத்துக்குப் பதில் கம்மோடு வைப்பது வசதி. பின்னதை வாடகையில் கழிக்க முற்படுவது வீண் வம்பு.

டி.டி.ஏ. கட்டிய அடுக்கு வீடுகளில் வசிக்கும் அன்பர்களுக்குத் தனி விதிகள் உள்ளன. நீர்த்தடுப்புடன் தரையை மாற்றுவதும், நாலரை அங்குலச் சுவரை எடுப்பதும் முன்அனுமதியின்றிச் செய்யத்தக்கவை. சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகியவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும். கூட்டுறவுச் சங்கக் குடியிருப்பாயின் அச்சங்கத்தின் ஒப்புதலும் சேரும். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருப்போர்க்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. நாமாக ஒன்றையும் தொடலாகாது என்பதே விதி. நம் ரயில்வே குவார்ட்டர்ஸும் அப்படித்தான். முறையீட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பொறுமையைப் பழகவேண்டியதே. முதியோர் இருக்கிறார்களெனக் காரணம் காட்டி மேலதிகாரிக்குத் தனிக்கடிதம் எழுதினால் சிலசமயம் விரைவில் நடப்பதுண்டு.

முதியோருக்கெனச் செய்யும்போது சில சிறு காரியங்களை மறக்கலாகாது. கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். பிடிக்கம்பியை ஓட்டில் மட்டும் திருகாமல் செங்கற்சுவருக்குள் ஆழமாகப் பதிக்கவேண்டும். சொரசொரப்பான ஓடு, படியில்லா வாயில், இரவில் அணையா விளக்கு. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாய் இருக்கட்டும்.

காலத்தையும் பார்த்துத் தொடங்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தலைநகரின் காற்று கெட்டு, 'கிராப்' எனப்படும் ஏற்பாட்டின் மூன்றாம் படி அறிவிக்கப்பட்டால் இடிப்பு வேலைகளுக்கும் மண், சிமெண்டு ஏற்றியிறக்குவதற்கும் தடை வரும். வீட்டினுள் நடக்கும் சிறு பழுதுவேலைக்கும் குழாய் வேலைக்கும் விலக்கு அளிக்கப்படுவதுண்டு. எனினும் பெயர்த்தெடுத்ததை ஏற்றிச்செல்ல வண்டி வராது. பாதியில் நின்ற குளியலறையுடன் குளிர்காலத்தைக் கழிப்பதைவிடப் பங்குனியிலோ புரட்டாசிக்குள்ளோ முடித்துக்கொள்வது உத்தமம். பெயர்த்த ஓட்டையும் காரையையும், அதாவது இவ்வூரார் 'மல்பா' என்பதை, மூட்டைகளில் கட்டி மாநகராட்சி குறித்த இடத்துக்கே அனுப்ப வேண்டும். 2009 முதலே புராரியில் இவற்றை அரைத்து மீண்டும் கல்லாக்கும் ஆலை நடந்துவருகிறது. இரவோடிரவாகப் பூங்கா ஓரத்தில் கொட்டிவிட்டு வரும் தள்ளுவண்டிக்காரரை அமர்த்தினால் கூலி குறைவுதான். மூட்டைமேல் நம் வீட்டு முகவரி எழுதிய பழைய ஓட்டுப்பெட்டி ஒன்று கிடந்தால் அபராதம் அவருக்கு வராது.

அடுத்த திங்கள், காலஞ்சென்ற பெற்றோர் பெயரிலேயே இன்னும் இருந்துவரும் குடிநீர் இணைப்புகளைப் பெயர் மாற்றிக்கொள்வது பற்றி எழுத எண்ணியுள்ளோம். அதுபற்றிக் கேட்க விரும்புவோர் இத்திங்கள் 20-ஆம் தேதிக்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதுக.